திரும்பி வராத தூக்குவாளி

மக்கா,

நீ போனில் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். இது என் கையெழுத்துதான், வேறு யாரும் எழுதித் தரவில்லை. ரேஷன் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் சாயங்காலம் நடக்கும் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னபோது நீ நம்பாமல் சிரித்தாயே, இப்போது பார்த்துக்கொள். டீச்சர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒரு பக்கம் முடிவதற்குள் சாயா ஆறிப்போகிறது. நேற்று அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இஞ்சேருங்க, பேனாவக் கடிக்காதீங்க, அதுக்குள்ள இருந்து எழுத்து வராது" என்றாள். "ஏட்டி, அஞ்சாங்கிளாஸ் படிச்ச திமிர்ல பேசாத" என்றேன். சிரித்துவிட்டாள். நீ போன் செய்த நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். ஜெர்மனியில் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நீ நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. மருமகள் அனிதாவுக்கும் பிள்ளைக்கும் விசா வந்துவிட்டது, திருவட்டாற்றில் அவள் அம்மா வீட்டில் இருந்து பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த நேரம் பார்த்து உன் பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்துபோனார். நீ இரவு டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்கும் நாட்களில் உன் குப்பைத் தொட்டியையும் சேர்த்து இழுத்துத் தெருவில் கொண்டு வைப்பாரே, எந்தத் தொட்டியில் எதைப் போட வேண்டும் என்று சைகையாலேயே உனக்குப் பாடம் நடத்தினாரே, அவர். நீ நம் ஊரில் செய்வதைச் செய்தாய். இழவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டிலிருந்துதான் கஞ்சி போக வேண்டும். நீ கஞ்சி வைத்தாய். அங்கே காணம், கொள்ளு என்று எப்படிக் கேட்டும் கிடைக்காததால் பருப்பை வறுத்துத் துவையல் அரைத்தாய். பப்படம் சுட்டாய். அம்மா தந்துவிட்ட தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு யாரிடமும் கேட்காமல் அந்த வீட்டுக்குப் போனாய். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். இழவு வீட்டில் பேச என்ன இருக்கிறது, அதனால் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, போய்வருகிறேன் என்று சொல்லாமல் வந்துவிட்டாய். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்று உனக்குச் சின்னதிலேயே சொல்லித் தந்தவர்கள் நாங்கள்தான். கிழவரின் மனைவியான அந்த அம்மாளும் மகளும் மருமகனும் உன்னையும் தூக்குவாளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவள் விவரம் சொல்லியிருக்கிறாள். அங்கே முதலில் ஓர் அட்டையில் நாலு வரி எழுதி அனுப்ப வேண்டுமாம். நேரில் போவதென்றால் கேட்டுக்கொண்டு போக வேண்டும், போனதும் கை கொடுக்க வேண்டும், புறப்படும்போது சொல்லிக்கொள்ள வேண்டும். நீ எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறாய். அன்றிலிருந்து அந்த அம்மாளின் கண்ணில் படாமல் இருக்கப் பின்பக்கச் சந்து வழியாக வேலைக்குப் போகிறாய். ஒரு மாதம் ஆகிவிட்டது, தூக்குவாளி திரும்பி வரவில்லை. "தூக்கிக் குப்பைல போட்டிருப்பாவ அப்பா. எந்தத் தொட்டில போடணும்னுதான் கொழம்பியிருப்பாவ" என்று சொல்லி நீயே சிரித்தாய். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "எனக்கு இந்த ஊரு செரிப்பட்டு வராதுப்பா. ஒரு சாவு வீட்டுக்குப் போவக்கூடத் தெரியல. இதுல அவளையும் பிள்ளையையும் கொண்டுவந்து என்ன செய்ய? டிக்கெட் போடாண்டாம்னு அனிதாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் வந்துரட்டா?" என்று கேட்டாய்.

அனிதாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ கோபப்பட்டாலும் சரி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் நேற்றும் கூப்பிட்டு, "மாமா, அங்க உள்ள குளுருக்குப் பிள்ளைக்கு இந்த ஸ்வெட்டர் போருமா?" என்று கேட்டாள். "ரெண்டு கூடுதலாவே எடுத்து வை மக்கா" என்றேன். உன் வாயால் கேட்டதை என் வாயால் அவளிடம் சொல்ல எனக்கு வரவில்லை.

நான் ஓமானுக்குப் போனபோது எனக்கு உன் வயதுகூட இல்லை. மலையடிவாரத்தில் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் வேலை. ஊர் முழுவதற்கும் மலையிலிருந்து இறங்கி வரும் ஒரே ஒரு சின்ன வாய்க்கால்தான் தண்ணீர். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு முறை உண்டு. முறை முடிந்ததும் மடையை அடைத்து அடுத்த தோட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். நானோ சுசீந்திரத்து வயல்களில் கால் ஊறி வளர்ந்தவன். என் கண்ணுக்குத் தண்ணீர் நின்றால்தான் அது வயல். மடையைத் திறந்துவிட்டு, வரப்பு தட்டும்வரை பாத்திகளை நிரப்பிவிட்டு, மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். நாற்றங்கால் மாதிரி மினுங்கியது தோட்டம். எனக்கு ஒரே பெருமை. முதலாளியின் அம்மா, எல்லோரும் உம்மா என்று கூப்பிடுவார்கள், கம்பை ஊன்றிக்கொண்டு ஓடி வந்து அரபியில் கத்தினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "பாருங்கம்மா, எப்பிடி நெறஞ்சு கெடக்குன்னு!" என்றேன். கம்பு என் முதுகில் விழுந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பக்கத்துத் தோட்டக்காரருடைய முறைத் தண்ணீர் முழுவதையும் நான் என் பாத்தியில் தேக்கி வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் முதலாளி ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனார். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. கம்பளத்தில் உட்கார வைத்தார்கள். பிடியில்லாத சின்னக் கோப்பையில் ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி தந்தார்கள். குடித்தேன், மறுபடியும் ஊற்றினார்கள். குடித்தேன், மறுபடியும் ஊற்றினார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டுமாம். அது எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணப் பந்தியில் பரிமாறியதை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று வளர்ந்தவன் நான். போதாததற்குத் தப்புச் செய்துவிட்டு வேறு வந்திருக்கிறேன். ஊற்ற ஊற்றக் குடித்தேன். வயிறு உப்பி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அந்தத் தோட்டக்காரர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, கோப்பையை அவரே ஆட்டிவிட்டார். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு, நான் அந்த ஊரை விட்டு வரும்வரை, என்னை எங்கே பார்த்தாலும் அவர் வெறுங்கையை உயர்த்திக் கோப்பை ஆட்டுவதுபோல ஆட்டுவார். அதுதான் அவருடைய வணக்கம். அந்தத் தண்ணீரை ஒழுங்காக மடை மாற்றி விட்டிருந்தால் அவர் என் முகத்தை ஏறிட்டே பார்த்திருக்க மாட்டார்.

உம்மா மட்டும் என்னை விடவில்லை. அவளுடைய ஆடுகள் நான் போட்ட பாத்திக்குள்தான் மேயும். "ஏ கெழவி, ஒனக்க ஆட்ட ஒழுங்காக் கெட்டி வை, கேட்டியா?" என்று நான் தமிழில் கத்துவேன். அவள் அரபியில் அதற்கு இரண்டு மடங்கு சொல்வாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, நான் சொன்னது அவளுக்கும் தெரியாது. ஆனாலும் இருவரும் சரியான இடத்தில் நிறுத்தி, சரியான இடத்தில் பதில் சொல்வோம். சண்டை போட ஓர் ஆள் கிடைத்த பிறகுதான் எனக்கு அந்த ஊரில் நல்ல தூக்கம் வந்தது. கடைசியாக நான் புறப்பட்ட அன்று அவள் வெளியே வரவில்லை. பாத்தியைத் திரும்பிப் பார்த்தேன். ஓர் ஆடுகூட இல்லை. எல்லாவற்றையும் அவளே பிடித்துக் கட்டிப் போட்டிருந்தாள்.

இப்போது எனக்கு ஏக்கம் வருவது எந்த ஊரை நினைத்து என்று நினைக்கிறாய்? சுசீந்திரம் இங்கேதான் இருக்கிறது, வெற்றிலை வாங்கப் போனால் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம். பேரீச்சை ஓலைக்கு அடியில் அந்த வாய்க்கால் ஓடும் சத்தத்தை நான் எங்கே போய்க் கேட்பேன்? மழைக்கு முன்னால் இங்கே மண் மணக்கும்போதுகூட, அங்கே முதல் தண்ணீர் பாயும்போது காய்ந்த பாத்தி மணந்ததுதான் நினைவுக்கு வருகிறது. ஓடி வந்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்த ஊர் அது. அப்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவரை அடிக்கப் போயிருப்பேன்.

ஒன்று மட்டும் உண்டு. நான் அங்கே தனியாக இருந்தேன். உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக எனக்கு வழியில்லை. முதல் தடவை லீவில் வந்தபோது நீ அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பிறகு தெருவில் போய், "எங்க வீட்ல ஒரு ஆளு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பெட்டியில் இருந்து மிட்டாயை எடுத்தேன். உனக்கு அந்த வழி திறந்திருக்கிறது. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

அங்கே இருந்த காலத்தில் எனக்குக் கடிதம் எழுதித் தந்தவர் தக்கலைக்காரர் ராசையன். டவுனில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். வெள்ளிக்கிழமை அவரிடம் போவேன். நான் சொல்வதை அவர் அப்படியே எழுத மாட்டார். "தேங்காயெண்ண தீந்துபோச்சு, தலை காஞ்சு கெடக்குன்னு எழுதுங்க அண்ணாச்சி" என்பேன். அவர் "உன் நினைவில் வாடுகிறேன்" என்று எழுதுவார். இந்த மனுசனுக்கு என்ன கோளாறு என்று அம்மா பயந்துபோவாளாம். உன் தாத்தா இறந்த செய்தியையும் அவர்தான் வாசித்துச் சொன்னார். அந்தக் கடிதம் வந்து சேரும்போது காரியமெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. நீ அப்போது தவழும் பிள்ளை. நான் ராசையனிடம், "கஞ்சி ஆரு கொண்டு வந்தான்னு கேட்டு எழுதுங்க" என்றேன். என் அப்பா செத்துக் கிடந்த வீட்டுக்குள் முதலில் வந்தது யார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர் அதை விட்டுவிட்டு, "தந்தையாரின் பிரிவு என்னை வாட்டுகிறது" என்று எழுதினார். அம்மாவிடமிருந்து அதற்குப் பதில் வரவில்லை. கேட்காத கேள்விக்கு அவள் எப்படிப் பதில் எழுதுவாள்? ஊருக்கு வந்தபோது அதுவும் மறந்துபோனது.

இப்போது எழுத்துக் கூட்டத் தெரிந்தவுடன் நான் என்னென்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். முதலில் பஸ். முன்பெல்லாம் கண்டக்டர் முகத்தை வைத்துத்தான் எந்த ஊர் பஸ் என்று அடையாளம் கண்டுபிடிப்பேன். கண்டக்டர் லீவு போட்டால் நான் வேறு ஊரில் போய் இறங்குவேன். இப்போது வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிற போகிற பலகையெல்லாம் வாசிக்கிறேன். குளச்சல், திருவட்டாறு, எல்லாம் வாசிப்பேன். ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு வாசித்துக்கொண்டு நின்றதும் உண்டு. பஸ் முடிந்ததும் கடைப் பலகை. அதுவும் முடிந்த பிறகு வீட்டுக்குள் வாசிக்க எதுவும் இல்லாமல், அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரங்களை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்களே, அது. பகவதி, பகவதி, பகவதி. எல்லாம் உன் அம்மா. வயலுக்கு நான் மோர் கொண்டு போகும் தூக்குவாளியை எடுத்தேன். கூட்டிக் கூட்டி வாசித்தேன். கோலம்மாள் என்று வந்தது.

"ஏட்டி, கோலம்மா ஆரு?"

"தெக்குத் தெரு கோலம்மக்காதான், வேற ஆரு? ஒங்க அப்பா செத்த அன்னைக்குக் கஞ்சி கொண்டு வந்த தூக்குலா அது."

"நீ எங்கிட்டச் சொல்லவேயில்லயே."

"நீங்க கேக்கவேயில்லயே" என்றாள்.

இத்தனை வருஷம் அதே தூக்குவாளியில்தான் மோர் குடித்திருக்கிறேன். நான் கேட்ட கேள்விக்கான பதில் என் கையில் தொங்கிக்கொண்டுதான் வரப்பில் கூட வந்திருக்கிறது. இழவு வீட்டுக்குக் கஞ்சி வந்த பாத்திரம் உடனே திரும்பிப் போகக் கூடாது. வீட்டில் அடுத்து ஒரு நல்லது நடக்கும்போது பாயசம் வைத்துத்தான் போக வேண்டும். இது உனக்கும் தெரியும். நல்லது எத்தனையோ நடந்தது. நீ படித்தாய், வேலைக்குப் போனாய், அனிதா வந்தாள், பிள்ளை பிறந்தாள். தூக்குவாளி மட்டும் போகவில்லை. மறுநாளே அம்மாவைச் சிறுபயறுப் பாயசம் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனேன். "இப்ப என்ன நல்லது?" என்றாள் அம்மா. "நான் வாசிச்சேன்லா" என்றேன்.

கோலம்மக்காவுக்கு இப்போது கண் சரியில்லை. தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "ஏலே, எனக்க தூக்கா இது? இதக் காணாம எனக்க மாமியாட்ட நான் வாங்குன ஏச்சு கொஞ்சமா? அவ செத்தும் போயிட்டா. கெடச்சிட்டுன்னு இனி ஆருட்டப் போயிச் சொல்ல?" என்று சிரித்தாள். அன்றைக்கு என் அப்பாவின் தலைமாட்டில் தான்தான் விளக்கு ஏற்றி வைத்ததாகச் சொன்னாள். உன் அம்மாவுக்குத் தலை சுற்றியபோது உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாளாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு பாயசத்தை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, தூக்குவாளியைக் கழுவி, அதில் ஏத்தங்காய் சீவி வறுத்த உப்பேரியை அள்ளிப் போட்டு என்னிடமே நீட்டினாள்.

"அக்கா, இது ஒனக்க பாத்திரம்லா?"

"அதுக்கு? எனக்க வீட்ல இருந்து நீ வெறுங்கையோட போவியா? கொண்டு போயிட்டு, பைய திருப்பித் தா."

"திருப்பித் தாறப்ப வெறும் பாத்திரமாத் தர முடியாதே."

"அப்பத் தராத. சவம், அங்கயே கெடக்கட்டு."

மக்கா, அது இப்போது மறுபடியும் நம் அடுக்களையில்தான் இருக்கிறது. உப்பேரி தீர்ந்துவிட்டது.

இனி உன் விஷயம். உன் தூக்குவாளி போய் ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் திரும்பி வரவில்லை என்று குறைப்படுகிறாய். அந்த அம்மாள் குப்பையில் போட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று யோசித்துப் பார். நீ பின்பக்கச் சந்து வழியாகப் போனால், திருப்பித் தர வேண்டும் என்று அவள் நினைத்தாலும் யாரிடம் தருவாள்? தெருப்பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளோ என்னவோ. உன் குப்பைத் தொட்டியை இழுத்து வைக்க இப்போது ஆள் இல்லை. அவளுடையதை இழுத்து வைக்கவும் ஆள் இல்லை. முன்பக்கமாகப் போ. கதவைத் தட்டு. அங்கே உள்ள முறைப்படி கை கொடு. வரும்போது சொல்லிக்கொண்டு வா. நம் ஊர் முறைக்குத்தான் நீ ஏற்கனவே போய்விட்டு வந்தாயே.

அந்தத் தூக்குவாளி அவள் அடுக்களையில் இருந்தால், கையில் எடுத்து, மூடிக்குக் கீழே வெட்டியிருக்கும் எழுத்தைக் காட்டு. அதைத் தினமும் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுத்து என்று தெரிந்திருக்கும், யார் என்று தெரிந்திருக்காது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் புள்ளிகளின் மேல் விரலை வைத்து, நான் வாசிப்பதுபோல மெதுவாக வாசித்துக் காட்டு. பகவதி. என் அம்மா என்று சொல்லு. அந்த ஊர் பாஷையில் அதற்கு என்ன சொல் என்பது உனக்குத் தெரியும்.

அதன் பிறகு எனக்குப் போன் செய். அப்போதும் வந்துவிட வேண்டும் என்றே நினைத்தால், நான் திருவட்டாறு பஸ்ஸைப் பலகை பார்த்து ஏறிப் போய், நீ சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் அனிதாவிடம் சொல்லிவிடுகிறேன். இங்கே உன் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. வர வேண்டாம், அங்கேயே இருக்கலாம் என்று நினைத்தாலும் நான் அதே பஸ்ஸில்தான் போவேன், அவளுடைய பெட்டியைத் தூக்கிவிட. நீ போன் செய்யும்போது அம்மா என்னிடமிருந்து அதைப் பிடுங்கத்தான் செய்வாள். தூக்குவாளி திரும்பி வந்ததா என்று அவள் கேட்க மாட்டாள். அதில் என்ன வைத்துத் தந்தார்கள் என்றுதான் கேட்பாள். பதிலோடு இரு.

உன் அப்பா